கிளையாற்றின் வாயில் நட்ட அளவுகம்பு

நீங்கள் நால்வரும் திங்கட்கிழமை புறப்படுகிறீர்கள். கும்பகோணத்தில் நடந்த வழியனுப்புக் கூட்டத்தில் நன்னிலத்திலிருந்து வந்திருந்தவர் ஒரு கேள்வி கேட்டார். "துப்பாக்கியோட நிக்கிறவங்க நம்மள நிறுத்துனா என்ன சார் செய்யணும்?" நான் கையேட்டில் இருப்பதைச் சொன்னேன். கைகள் வெளியே தெரியும்படி நில்லுங்கள், குரலை உயர்த்தாதீர்கள், அடையாள அட்டையை மெதுவாக எடுங்கள். எல்லோரும் குறித்துக்கொண்டீர்கள். நீடாமங்கலத்துக்குப் பஸ்ஸில் திரும்பும்போதுதான் நான் சொன்னது பாதிப் பதில் என்று உறைத்தது. மீதிப் பதிலை எழுதி அனுப்புகிறேன். விமானத்தில் படித்துக்கொள்ளலாம்.

நான் வேளாண்மைத் துறையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இந்த நிவாரண வேலைக்கு வந்தவன். மொத்தம் பதினோரு வருடம். அதில் கடைசி நான்கு வருடம் தெற்கு சூடானில் ஓர் ஆற்றங்கரையில் கழிந்தது. நாடு பிறந்து சில வருடங்களிலேயே ஒரே படையாக இருந்தவர்கள் இரண்டாகப் பிரிந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர் அரசுப் படையின் கையில் இருந்தது. எங்கள் எதிர்க்கரையும் அதன் பின்னால் விரிந்த சதுப்புக்காடும் ஆயுதம் ஏந்திய எதிரணியின் கையில் இருந்தன. நடுவே எங்கள் கரையில் வீடிழந்தவர்களின் முகாம். அங்கிருந்த பெண்களுக்கு எதிரணி என்பது அரசியல் சொல் இல்லை. "அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்" என்றுதான் சொல்வார்கள். சிலருக்கு அது சொந்தப் பிள்ளையாகவும் இருந்தது.

அந்த ஆற்றை முதன்முதலில் பார்த்த காலை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு தீவு வந்தது. புல்லும் கோரையும் ஆகாயத்தாமரையும் பின்னிக்கிடந்த தீவு. அதன் மேல் ஒரு நாரை நின்றது. தீவு சத்தமில்லாமல் எங்களைக் கடந்து போனது. நின்றுகொண்டிருந்த நாங்கள்தான் எங்கோ போகிறோம் என்று தோன்றியது. நேற்று பார்த்த கரை இன்று அங்கே இருக்காது. நாணல் வேலி ஒன்று ராத்திரியோடு ராத்திரியாக இடம் மாறியிருக்கும். அங்கே எதையாவது நிலையாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல எனக்கு இருந்தது. மூன்றாம் நாள், ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை, எங்கள் முகாமை ஒட்டி ஒரு கிளையாறு பிரிகிற இடத்தில் அடிக்கணக்கில் கோடு போட்ட ஒரு கம்பை நட்டேன். அன்றிலிருந்து தினமும் காலையில் நீர்மட்டத்தைப் பார்த்து நோட்டில் எழுதினேன்.

இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டெல்டாக்காரனுக்கு விடிந்ததும் மேட்டூர் நீர்மட்டம் தெரிந்தாக வேண்டும். என் அப்பாவுக்குச் சொந்த நிலம் கிடையாது. பிறர் வயலில் நடவும் அறுப்பும் பார்த்தவர். டீக்கடையில் பேப்பர் வந்ததும் அவர் என்னை முதலில் படிக்கச் சொல்வது அந்த எண்ணைத்தான். அது தொண்ணூறு அடியைத் தாண்டியிருந்தால் ஜூன் பன்னிரண்டில் கதவு திறக்கும், குறுவைக்கு வேலை இருக்கும். தாண்டாவிட்டால் அவர் டீயைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பார். அதனால் ஆறு என்றால் எண், எண் என்றால் தேதி, தேதி என்றால் நோட்டு என்று எனக்குப் பழகிவிட்டது. பழங்காலத்தில் நைல் நதியின் வெள்ளத்தைக் கல்படிகளில் கோடு செதுக்கி அளந்தார்கள் என்று படித்த நாளிலிருந்து, அந்த நதிக்குள் போய்ச் சேருகிற ஒரு தண்ணீரை நானும் அளக்க வேண்டும் என்ற ஆசை வேறு இருந்தது.

எங்கள் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர் கூத்தாநல்லூர் ஜமால். துபாயில் பத்து வருடம் கழித்துவிட்டு அங்கே வந்தவர். நான் கம்பின் பக்கம் குனிந்தால் போதும், கிடங்கு வாசலிலிருந்து அவர் குரல் வரும். "அண்ணே, மேட்டூரு எத்தினி அடி?" நான் எண்ணைத் திருப்பிக் கத்துவேன். "தொறந்துடலாமா?" என்பார். அவ்வளவுதான் விளையாட்டு. மூன்று மாதம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. அந்தச் சத்தம் தண்ணீர் மேல் எவ்வளவு தூரம் போகும் என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

கோவாங் எங்கள் மொழிபெயர்ப்பாளர், படகோட்டியும் அவரே. சண்டைக்கு முன் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். முகாமிலேயே மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். என்னை 'உஸ்தாஸ்' என்பார். அங்கே பேசும் அரபியில் அதற்கு வாத்தியார் என்று பொருள். அவரும் வாத்தியார்தானே என்று நானும் அவரை அப்படியே கூப்பிடுவேன். ஐப்பசி தொடக்கத்தில் நான் வேறொரு முகாமுக்கு நான்கு நாள் போக வேண்டியிருந்தது. கணக்கில் நான்கு நாள் ஓட்டை விழுவது எனக்குப் பொறுக்கவில்லை. தினமும் காலையில் கம்பைப் பார்த்துச் சீட்டில் குறித்து வைக்கும்படி கோவாங்கிடம் கேட்டேன். "எதுக்கு உஸ்தாஸ்?" என்றார். சின்ன விமானம் விசிறியைச் சுழற்றிக்கொண்டு நின்றது. "வந்து சொல்றேன்" என்று ஓடினேன்.

புதன்கிழமை திரும்பி வந்தேன். மண் ஓடுபாதையின் ஓரத்தில் ஜமால் தனியாக நின்றிருந்தார். வழக்கமான கேலி இல்லை. கோவாங்கை எதிரணிக்காரர்கள் திங்கட்கிழமை காலையில் கம்பின் அருகிலேயே பிடித்துப் படகில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார். சட்டைப் பையில் தேதியும் எண்ணும் எழுதிய சீட்டுகள் இருந்தனவாம். அரசுப் படைக்கு உளவு சொல்கிறான் என்பது குற்றச்சாட்டு. உளவாளிகளை அவர்கள் என்ன செய்வார்கள் என்பது முகாமில் எல்லோருக்கும் தெரியும். கோவாங்கின் மனைவி எங்கள் அலுவலகக் கூடாரத்தின் வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். சின்னப் பெண் குழந்தை என் நோட்டைத் தொட்டுப் பார்த்தது.

எங்கள் குழுத் தலைவர் வாஞ்ஜிரு, கென்யாக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அங்கே பேச்செல்லாம் ஆங்கிலத்திலும் அரபியிலும் நடந்தது. நம் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன். அவர் இரண்டு நாளாகச் செயற்கைக்கோள் போனில் எதிரணியின் தொடர்பு ஆளோடு பேசிக்கொண்டிருந்தார். விதிப்படி யாரும் அக்கரைக்குப் போகக் கூடாது. ஆனால் அவர்களே ஒரு செய்தி அனுப்பியிருந்தார்கள்: தண்ணீரை எண்ணுகிறவன் வரட்டும்.

அன்று சாயங்காலம் ஜமால் என் கூடாரத்துக்கு வந்தார். கையில் தீப்பெட்டி இருந்தது.

"அண்ணே, அந்த நோட்ட எரிச்சிருவோம். எழுதுனதே இல்லன்னு சொல்லிடுங்க. அவனுவளுக்குத் தமிழா தெரியும், என்னத்த நிரூபிப்பானுவ?"

அது சரியான யோசனைபோலவே இருந்தது. நோட்டில் எண்கள் மட்டும் இல்லை. என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். எந்த நாளில் யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், எந்தப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது எல்லாம் இருந்தன. தீக்குச்சியை வாங்கிக்கொண்டு யோசித்தேன். மூன்று நாளாக அங்கே உட்கார்ந்திருக்கும் மனிதர் நோட்டைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். நான் போய் நோட்டே இல்லை என்றால், என் பொய் அவர் கழுத்தில் விழும். ஜமாலிடம் இதைச் சொன்னேன். அவர் தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, "அப்ப நான் துவா செய்யறேன், நீங்க படிச்சுப் பாத்துக்குங்க" என்று போய்விட்டார்.

வெளிச்சம் இருக்கும்வரை மூன்று மாத நோட்டையும் முதல் வரியிலிருந்து படித்தேன். நான் எழுதியதை நானே இன்னொருவனாக உட்கார்ந்து படித்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வி: இது யாரைப் பிடித்துக்கொடுக்கும்? ஒரு வரி அப்படி இருந்தது. ஒரு தாய், எதிரணியிலிருந்து ஓடிவந்த தன் மகனை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்று என்னிடம் சொன்னது. பெயர், ஊர், கிழமை எல்லாம் துல்லியமாக. நான் எதற்கு அதை எழுதினேன்? எழுதும்போது ஏதோ வரலாற்றுக்குச் சேவை செய்கிற நினைப்பு. பக்கத்தைக் கிழித்தால் கிழித்த தடம் தெரியும். அப்படியே வைத்தேன்.

காலையில் படகு ஏறும்போது வாஞ்ஜிரு சொன்னது மூன்று வாக்கியம். "நீங்களா எதையும் விளக்க ஆரம்பிக்காதீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. தெரியாததத் தெரியாதுன்னு சொல்லுங்க."

அவர்கள் அனுப்பியிருந்தது ஒற்றை மரத்தைக் குடைந்த படகு. கிளையாற்றுக்குள் நுழைந்ததும் உலகம் ஒடுங்கிவிட்டது. இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் கோரை, மேலே ஒரு கீற்று வானம். ஆகாயத்தாமரைப் பூக்கள் ஊதா நிறத்தில் படகை உரசிக்கொண்டு பின்னால் போயின. வெண்ணாற்று மதகில் இதே பூக்கள் அடைத்துக்கொண்டால் ஆள் வைத்து வாருவோம். எங்கோ நீர்யானை பெருமூச்சு விட்டது. துடுப்பு போட்டவர் தோளில் துப்பாக்கியோடு மெல்லிய குரலில் மாட்டுப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டே வந்தார். எவ்வளவு நேரம் போனோம் என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது. கைக்கடிகாரத்தை நான் பார்க்காத ஒரே காலை அது.

ஒரு மேட்டில் இறங்கினோம். குடிசைகள், சாணப் புகை, நூற்றுக்கணக்கில் மாடுகள், நிறையப் பெண்களும் குழந்தைகளும். நான் கற்பனை செய்திருந்த படை முகாம் அங்கே இல்லை. ஒரு வேப்பமரத்தின் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் தளபதி உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை நூல் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். வாயில் வேப்பங்குச்சி. முப்பதடி தள்ளி, மாடு கட்டும் முளையில் கட்டப்பட்டு கோவாங் தரையில் இருந்தார். உதடு வீங்கியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

தளபதி கேட்ட முதல் கேள்வி: "மேட்டூர் யாரு?"

"ஆள் இல்லீங்க. அணை. எங்க ஊருக்கு மேல, ரொம்ப தூரத்துல இருக்கு."

"உங்க ஊர் அணை பேர இங்க எதுக்குத் தினமும் கத்துறீங்க?"

"என் கூட்டாளி என்னைக் கேலி பண்றார்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தளபதி சிரிக்கவில்லை. வேப்பங்குச்சியை எடுத்துவிட்டு, அந்தக் கம்பில் தண்ணீர் பத்தாவது கோட்டைத் தொட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"பெரிய துப்பாக்கி வச்ச அரசாங்கப் படகு இந்தக் கிளைக்குள்ள வரும். தரை தட்டாது."

நான் திரும்பிக் குடிசைகளைப் பார்த்தேன். மூன்று மாதமாகத் தினமும் நான் உரக்கக் கத்திய எண் இதுதானா? எனக்கு அது ஒரு பழக்கம். இந்த மேட்டில் இருந்தவர்களுக்கு, படகுகள் வர இன்னும் எத்தனை நாள் என்ற கணக்கு. அவர்கள் சந்தேகப்பட்டதில் துளியும் தவறில்லை.

"ஒன் ஆளு எதுக்குன்னு தெரியாதுங்கிறான். நாலு நாளா அதையே சொல்றான். தினமும் ஒரு கம்பப் பாத்து எழுதுறவனுக்கு எதுக்குன்னு தெரியாமலா இருக்கும்?"

"அவருக்கு நான் சொல்லல" என்றேன். "அவர் கேட்டார். வந்து சொல்றேன்னு விமானம் ஏறிட்டேன்."

"இப்பச் சொல்லு."

சொன்னேன். நிலமில்லாத அப்பா, டீக்கடை, பேப்பர், தொண்ணூறு அடி. அந்த எண்ணை வைத்துத்தான் அந்த வருடம் எங்கள் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று தெரியும் என்றேன். ஒருவர் அதை அவர்கள் மொழியில் சொல்லச் சொல்ல, மாட்டுச் சாணம் தட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கோவாங் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். நான்கு நாளாக அவரிடம் அடித்துக் கேட்ட கேள்விக்கு அவர் முதன்முதலாகப் பதிலைக் கேட்கிறார்.

தளபதி நோட்டை வாங்கினார். ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு வரியில் விரலை வைத்தார். ஜமால் தாடிக்கு மருதாணி போட்டு, அது ஆரஞ்சு நிறமாகிவிட்ட நாள். படித்துக் காட்டினேன். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். அவருடைய ஆட்களில் ஒருவர் ஏதோ பழைய காகிதத்தோடு ஒப்பிட்டுத் தலையை ஆட்டினார். அவர்களும் எங்கோ ஒரு கம்பு வைத்திருந்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. இன்னொரு பக்கம். விரல் நேராக அந்தத் தாயின் வரியில் வந்து நின்றது.

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். மழை பெய்தது என்றோ, விதை வந்தது என்றோ. அவருக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், நோட்டைப் பார்க்கவில்லை.

"இது ஒரு அம்மா எங்கிட்ட சொன்னது" என்றேன். "படிக்க மாட்டேங்க."

மாடு ஒன்று வாலை வீசுகிற சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் எனக்குத் தைரியம் இருந்தது என்று நினைக்காதீர்கள். அவர் விரலை அங்கேயே வைத்திருந்தார். பிறகு அந்தத் தாளை மட்டும் நிதானமாகக் கிழித்தார். நான்காக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். நோட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"பத்தாவது கோட்ட எப்பத் தொடும்?"

இதற்குத் தெரியாது என்று சொன்னால் பொய். வரிசையைப் பார்த்தவனுக்குத் தெரியும். ஆனால் அது ஒரு படையின் கையில் மட்டும் இருக்கக்கூடாத கணக்கு. அதே தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறினால் இந்த மேடும் மூழ்கும் என்பதும் எனக்குத் தெரிந்தது. சாணம் தட்டிய பெண்கள் இன்னும் அங்கேயே நின்றார்கள்.

"ஒங்களுக்கு மட்டும் சொல்ல மாட்டேங்க. அந்தப் பக்கம் கேட்டா அவங்களுக்கு மட்டும் சொல்ல மாட்டேன். தண்ணி எடுக்க வர்ற எல்லார் முன்னாலயும் சொல்றேன். இங்க இருக்குற பொம்பளைங்களுக்கு மூட்டை கட்ட நாள் வேணும்."

"எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு எனக்கு எதுக்கு?"

வாஞ்ஜிருவின் மூன்றாவது வாக்கியம் நினைவுக்கு வந்தது. "அது எனக்குத் தெரியலீங்க" என்றேன்.

அவர் ஆற்றைப் பார்த்தார். ஒரு புல்தீவு கிளைக்குள் வழிதவறி வந்து, மேட்டின் மேல் முட்டிச் சுற்றி, மெல்ல விலகிப் போனது. அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேப்பங்குச்சியை வாயில் வைத்தபடியே சொன்னார்.

"எழுதாதீங்க. வாயால சொல்லுங்க."

கோவாங்கை அவிழ்த்து விட்டார்கள். ஏன் விட்டார் என்று உங்களுக்கு ஒரு காரணம் சொல்ல ஆசைதான். என்னிடம் இல்லை. இதை வைத்து, உண்மை பேசினால் பிழைக்கலாம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். வேறொரு மரத்தடியில், வேறொரு தளபதியிடம் இதே பதில்கள் வேறு விதமாக முடிந்திருக்கும். நான் எடுத்துக்கொண்ட பாடம் அதற்கு முன்னாலேயே, ஓடுபாதையிலேயே இருந்தது. கோவாங்கை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது நோட்டும் கம்பும் இல்லை. உடன் வேலை செய்கிறவர் எதற்கு என்று கேட்டபோது, அரை நிமிடம் நின்று பதில் சொல்லாத என் அவசரம். சம்பளப் பட்டியலில் அவர் பெயர் என் பெயருக்குக் கீழே இருந்தது. கேள்வி வந்தபோது அவர்தான் முன்னால் இருந்தார். நீங்கள் ஊர் திரும்ப விமானம் இருக்கும். நீங்கள் செய்யச் சொன்னதைச் செய்கிறவர்களுக்கு அந்த ஊரே ஊர்.

நன்னிலத்துக்காரருக்கு என் மீதிப் பதில் இதுதான். நிறுத்துகிறபோது என்ன செய்வது என்பதைவிட, நிறுத்தப்படுவதற்கு முன்பே உங்கள் உதவியாளருக்கும் ஓட்டுநருக்கும் எல்லாக் காரணமும் தெரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படகில் திரும்பும்போது வழி நெடுக கோவாங்கிடம் மேட்டூரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன். மன்னிப்பு கேட்கும் வகை தெரியாமல் அணையின் கதவுகள், கல்லணை, வெண்ணாறு பிரிகிற இடம் என்று வரிசையாக. பாதி வழியில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நிறுத்தினேன்.

"சொல்லுங்க உஸ்தாஸ்" என்றார் கண்ணைத் திறக்காமல். "ஒங்க அப்பா அப்புறம் அந்த டீயக் குடிப்பாரா?"

குடிப்பார் என்றேன். ஆறிப்போன பிறகு.

அந்த மூன்று மாதத்துக்கு என்னிடம் இன்று நோட்டு இல்லை. இதில் வரும் கிழமைகளை நினைவிலிருந்துதான் எழுதுகிறேன். ஒன்றிரண்டு தவறியிருக்கலாம். எஞ்சியது மடித்த ஒரு தாள். அதை நான் யாருக்கும் படித்துக் காட்டியதில்லை, உங்களுக்கும் இல்லை. மேட்டில் இருந்தவர்கள் தண்ணீர் ஏறும் முன்பே மாடுகளோடு உள்ளே தள்ளிப் போய்விட்டார்கள். கார்த்திகையில் படகுகள் கிளைக்குள் வந்தன என்று பின்னால் கேள்விப்பட்டேன். நாங்கள் சொன்ன எண்ணைக் கேட்டு வந்தார்களா, அவர்களாகவே வந்தார்களா, தெரியாது. இதை நினைத்துச் சில நாள் எனக்குச் சாப்பாடு இறங்காது. மேட்டில் அப்போது யாரும் இல்லை என்பதை நினைத்தால் கொஞ்சம் இறங்கும்.

கோவாங்கோடு அக்கரையிலிருந்து திரும்பி வந்த மறுநாள் காலையில் நான் எழுந்திருக்கவில்லை. விழித்துத்தான் கிடந்தேன். கம்பின் பக்கம் போகக் கால் வரவில்லை. அதைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் என்று இருந்தது. வெளியே பனிமூட்டம். பெண்கள் குடத்தோடு ஆற்றுக்குப் போகும் பேச்சுச் சத்தம் கேட்டது. ஜமால் கிடங்கைத் திறந்தார், ஒன்றும் கேட்கவில்லை. அப்போது கரையிலிருந்து கோவாங்கின் குரல் வந்தது. வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற குரல். தன் மொழியில் எட்டரை என்றார். எத்தனை நாளில் பத்து வரும் என்றும் சொன்னார். பெண்கள் சிரித்துக்கொண்டே திருப்பிச் சொன்னார்கள். எட்டரை. முகாமுக்குள் ஒரு கிழவர் அதை வாங்கி அடுத்த குடிசைக்குக் கொடுத்தார்.

பிறகு பனிமூட்டத்துக்கு அப்பால், எதிர்க்கரையின் கோரைக்குள்ளிருந்து, நாங்கள் ஒருநாளும் முகம் பார்த்திராத யாரோ ஒரு காவல்காரனின் கரகரத்த குரல் வந்தது.

எட்டரை என்றது.